சிமென்ட் சூளையின் கரியமில வாயு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொழிற்சாலைப் புகை என்றதும் நிலக்கரிதான் நினைவுக்கு வரும். ஆனால் சிமென்ட் ஆலைப் புகைபோக்கியில் வெளியேறும் கரியமில வாயுவில் பெரும்பங்கு கல்லுக்குள்ளிருந்து வருகிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதிக் கேள்விகள் பாதி அவிழ்ந்துவிடும். இங்கே சிமென்ட்டைத்தான் நடுவில் வைத்திருக்கிறோம். எஃகு, உரம், அலுமினியம் ஓரமாக வரும்.

உலகத் தொழிற்சாலைகள் மொத்தமாக எவ்வளவு வெளியிடுகின்றன?

உலகின் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சிமென்ட் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 3,700 கோடி டன் கரியமில வாயு. அதில் தொழிற்சாலைகள் தங்கள் சூளை, உலை, கொதிகலன்களிலிருந்து நேரடியாக விடுவது சுமார் 900 கோடி டன். அவை வாங்கும் மின்சாரம் இதில் சேராது. இந்த 900 கோடியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் எஃகு, சிமென்ட், ரசாயனம் என்ற மூன்று துறைகளுடையது. சிமென்ட் மட்டும் எரிபொருளையும் சேர்த்து 240 கோடி டன் அளவில்.

உலக சிமென்ட் உற்பத்தி ஆண்டுக்கு 400 கோடி டன்னையொட்டி இருக்கிறது. அதில் ஏறக்குறைய பாதி சீனாவுடையது. 2014ல் 240 கோடி டன்னைத் தாண்டிய சீனா, கட்டுமானம் சரிந்த பிறகு 2024ல் 190 கோடிக்குக் கீழே இறங்கிவிட்டது. இரண்டாம் இடத்தில் இந்தியா, 40 கோடி டன்னுக்கு மேல். இங்கே வரைகோடு இன்னும் ஏறுமுகம்.

சூளையில் நிலக்கரியை நிறுத்திவிட்டால் போதாதா?

போதாது. பழைய சுண்ணாம்புக் காளவாயை நினைத்துப் பாருங்கள். கிளிஞ்சலைச் சுட்டு எடுத்தால் எடை ஏறக்குறைய பாதியாக இறங்கிவிடும். காணாமல் போன எடை கரியமில வாயு. சுண்ணாம்புக்கல் என்பதும் பெரும்பாலும் கடல் உயிர்களின் ஓடுகளும் கூடுகளும்தான்; அரியலூர்ச் சுரங்கங்களில் கிரிட்டேசியஸ் காலத்துச் சிப்பிகள் கல்லோடு கல்லாக இன்றும் கிடைக்கின்றன. அந்தக் காலத்துக் கடல் ஓடாகப் பூட்டிவைத்த கார்பனை நாம் சூளையில் திறந்துவிடுகிறோம்.

கணக்காகச் சொன்னால், ஒரு டன் சுத்தமான கால்சியம் கார்பனேட்டைச் சுட்டால் 560 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும், 440 கிலோ கரியமில வாயு பறக்கும். நிலக்கரிக்குப் பதில் விறகு, ஹைட்ரஜன், மின்சாரம் எதை வைத்துச் சுட்டாலும் இந்த 440 மாறாது.

ஒரு டன் கிளிங்கருக்கு எவ்வளவு? கையால் கணக்கிட முடியுமா?

முடியும். சூளையில் வெந்து வரும் கட்டிதான் கிளிங்கர்; அதை அரைத்தால் சிமென்ட். கிளிங்கரின் ரசாயனப் பரிசோதனைச் சீட்டும் சூளையின் வெப்பக் கணக்கும் இருந்தால் போதும்.

முதலில் கல். கிளிங்கரில் கால்சியம் ஆக்சைடு 65%, மக்னீசியம் ஆக்சைடு 1.5% என்று வைத்துக்கொள்வோம். முதலாவதை 0.785ஆலும், இரண்டாவதை 1.092ஆலும் பெருக்க வேண்டும். 650 கிலோ × 0.785 = 510 கிலோ; 15 கிலோ × 1.092 = 16 கிலோ. தசமங்களையும் சேர்த்தால் 527 கிலோ. பரிசோதனைச் சீட்டு இல்லாத இடங்களில் உலக சிமென்ட் துறை பயன்படுத்தும் பொது எண் 525 என்பதால், உங்கள் விடை 500க்குக் கீழேயோ 550க்கு மேலேயோ போனால் சீட்டை இன்னொரு முறை பாருங்கள்.

அடுத்து எரிபொருள். நல்ல ஆறடுக்கு ப்ரீஹீட்டரும் (அரைத்த கல்லைச் சுடுவாயுவால் முன்கூட்டிச் சூடாக்கும், சைக்ளோன் என்ற கூம்புக் கலங்களின் அடுக்கு) கால்சைனரும் (கல்லின் வாயுவில் பெரும்பகுதியை விரட்டும் உலை) உள்ள இந்திய சூளை ஒரு கிலோ கிளிங்கருக்கு 740 கிலோ கலோரி எடுக்கிறது என்று கொண்டால், டன்னுக்கு 3.1 கிகாஜூல். நிலக்கரி ஒரு கிகாஜூலுக்கு சுமார் 95 கிலோ கரியமில வாயு தரும். ஆக 295 கிலோ. பெட் கோக் (எண்ணெய்ச் சுத்திகரிப்பில் மிஞ்சும் கரி) என்றால் 97.5, இயற்கை எரிவாயு என்றால் 56.

கூட்டினால் 822 கிலோ. அதில் மூன்றில் இரண்டு பங்கு கல்லின் பங்கு.

ஒரு குறுக்குச் சோதனையும் உண்டு. சூளைக்குப் போகும் மாவை (சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் சேர்த்து அரைத்த பொடி) சுட்டால் எடை 35% குறைகிறது என்றால், ஒரு டன் கிளிங்கருக்கு 1.54 டன் மாவு வேண்டும், 540 கிலோ பறக்க வேண்டும். இதில் களிமண்ணின் நீரும் கொஞ்சம் உண்டு என்பதால் 527ஐ விடச் சற்றே கூடுதலாக வருவது சரி. குறைவாக வந்தால் எங்கோ தவறு.

ஒரே ஆலைக்கு இரண்டு பேர் கணக்குப் போட்டால் இரண்டு விடை வருகிறதே?

பெரும்பாலும் கீழே உள்ள இடங்களில்தான் பிசகும்.

கிளிங்கரால் வகுப்பதா, சிமென்ட்டால் வகுப்பதா? மேலே சொன்ன 822 கிளிங்கருக்கு. அதே கிளிங்கரை 65% போட்டு சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட் அரைத்தால், டன் சிமென்ட்டுக்கு 534. இரண்டும் சரியான எண்கள். ஒன்றோடொன்று ஒப்பிடுவதுதான் பிழை. இதைவிட மோசம், துறைமுகம் பக்கத்தில் கிளிங்கரை வாங்கி அரைக்க மட்டும் செய்யும் அரவை ஆலைகளின் கணக்கு. சூளையே இல்லாததால் அவர்களின் நேரடி எண் கிட்டத்தட்ட பூஜ்யம். வாங்கிய கிளிங்கரின் 800 கிலோவைச் சேர்க்காமல் போடும் விளம்பரத்தை நம்ப வேண்டாம்.

கலோரிக் கணக்கு அடுத்தது. இந்திய ஆய்வகங்கள் நிலக்கரிக்குக் கொடுப்பது மொத்தக் கலோரி மதிப்பு (புகையிலுள்ள நீராவி குளிரும்போது விடும் வெப்பத்தையும் சேர்த்தது; அதைச் சேர்க்காதது நிகர மதிப்பு). மேலே கண்ட 95, 97.5, 56 எல்லாம் நிகரக் கலோரி மதிப்புக்கானவை. மொத்த மதிப்பை அப்படியே அந்த எண்ணால் பெருக்கினால் நிலக்கரியில் சுமார் 5%, எரிவாயுவில் சுமார் 10% கூடுதலாக வரும். ஈர நிலக்கரி என்றால் இன்னும் கூடும்.

கார்பன் வேறு, கரியமில வாயு வேறு. 12 கிலோ கார்பன் எரிந்தால் 44 கிலோ வாயு. சில அறிக்கைகள் கார்பன் டன்னில் எழுதியிருக்கும், 3.67ஆல் பெருக்காமல் எடுத்துவிடுவார்கள்.

மாவில் எஃகு ஆலைக் கசடு சேர்த்தால், அதிலுள்ள கால்சியம் ஏற்கெனவே சுடப்பட்டது. கரியமில வாயு தராது. கிளிங்கரின் சுண்ணாம்பில் 2 சதவீதப் புள்ளி அப்படி வந்தால் டன்னுக்கு 16 கிலோவைக் கழிக்க வேண்டும். இதை ஆலைகள் மறப்பதில்லை. சூளைக்கு வெளியே எடுத்துக் கொட்டும் பைபாஸ் தூசியைச் சேர்ப்பதைத்தான் மறந்துவிடுகின்றன! அந்தத் தூசி பாதிக்கு மேல் வெந்தது, அதன் வாயு முன்பே போய்விட்டது.

புகைபோக்கியில் கருவி வைத்து அளப்பவர்களுக்குத் தொல்லை வேறு விதம். வாயுவின் செறிவை நன்றாகவே அளக்கலாம். சறுக்குவது காற்றோட்ட வேகம். வளைவுக்கு அருகே கருவி வைத்தால் சுழல் காற்றால் வேகம் தவறாகக் காட்டும். செறிவு உலர் அடிப்படையிலும் ஓட்டம் ஈர அடிப்படையிலும் இருந்தால் பெருக்கல் தொகை எதற்கும் உதவாது.

மின்சாரத்தின் பங்கு?

டன் சிமென்ட்டுக்கு 75 யூனிட் என்று கொண்டு, இந்திய மின்தொகுப்பில் யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ என்று போட்டால் 53 கிலோ. கல்லோடு ஒப்பிட்டால் சிறிது. கூரையில் சோலார் போட்டு ‘பசுமை சிமென்ட்’ என்று எழுதும்போது இந்த விகிதத்தை நினைவில் வைக்கவும். ஆலைக்குள்ளேயே நிலக்கரி மின்நிலையம் இருந்தால் அதன் புகை ஆலையின் நேரடிக் கணக்கில் ஏறும்.

சூளையில் எரிபொருள் வீணாவதை எங்கே தேடுவது?

முதலில் பொய்க் காற்று. ப்ரீஹீட்டர் முழுக்க உறிஞ்சுவிசிறியின் இழுப்பில் இருக்கிறது. உச்சியில் இழுப்பு 500 மி.மீ. உயர நீர்த்தம்பத்தின் அழுத்தத்துக்கும் மேல். சிறு இடுக்கு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே பாயும். அந்தக் காற்றையும் சுட வேண்டும், விசிறி அதையும் இழுக்க வேண்டும்.

கண்டுபிடிக்க ஒரு கையடக்க ஆக்சிஜன் அளவி போதும். கால்சைனர் வெளியே 2.5%, ப்ரீஹீட்டர் உச்சியில் 5% என்று காட்டினால், வித்தியாசம் 2.5ஐ 21லிருந்து 5ஐக் கழித்த 16ஆல் வகுக்கவும். 0.156. அதாவது உள்ளே போன வாயுவின் அளவில் சுமார் 16% வெளிக்காற்று வழியில் சேர்ந்திருக்கிறது. அடுக்கு அடுக்காக அளந்து வந்தால் எந்த சைக்ளோன் என்று தெரிந்துவிடும். பிறகு காதை வைத்தாலே போதும்: சீறல் கேட்கும். சந்தேகம் தீராவிட்டால் புகைக்குச்சியைக் காட்டுங்கள்.

வழக்கமான குற்றவாளிகள்: அடைப்புக் குத்தும் துளைகளின் மூடிகள் (குத்திவிட்டுச் சரியாக மூடுவதில்லை), ஆய்வுக் கதவுகளின் கயிற்று கேஸ்கெட், மாவு இறங்கும் குழாயின் ஃப்ளாப் தண்டு, சூளை நுழைவாயில் சீல். சீல் மாற்ற சூளையை நிறுத்த வேண்டும் என்பதால் தள்ளிப் போடுகிறார்கள். மீதி மூன்றும் ஓடும்போதே சரிசெய்யக்கூடியவை.

குப்பையை எரித்தால் கார்பன் குறையுமா?

குறையும், ஆனால் விளம்பரத்தில் சொல்லும் அளவுக்கு இல்லை. நகராட்சிக் குப்பையிலிருந்து பிரித்த எரிபொருளான ஆர்.டி.எஃப்.பில் காகிதம், துணி, மரம் ஆகியவை உயிர்ப்பொருள். அவற்றின் வாயுவைத் தனியாகப் பதிவு செய்வார்கள், மொத்தத்தில் சேர்ப்பதில்லை. பிளாஸ்டிக்கின் கார்பன் பெட்ரோலியக் கார்பன்தான். அது கணக்கில் வர வேண்டும்.

ஆலைக்காரர்கள் பயப்படுவது குளோரினுக்கு. பி.வி.சி. துண்டும் உப்புச் சேர்ந்த உணவுக் கழிவும் சூளைக்குள் போனால் குளோரின் ஆல்கலியோடு (சோடியம், பொட்டாசியம்) சேர்ந்து ஆவியாகும். கீழ் சைக்ளோன்களில் குளிர்ந்து படியும், மாவைப் பசைபோல் ஒட்டவைக்கும். கடைசி சைக்ளோனின் சூடான மாவில் குளோரின் 1 சதவீதத்தை நெருங்கும்போதே உஷாராகிவிட வேண்டும். தாண்டினால் சைக்ளோன் அடைத்துக்கொள்ளும், சூளை நிற்கும். மறுபடி சூடேற்ற ஒரு நாள் எரிபொருள் வீண். குறைத்த கார்பன் அதிலேயே போய்விடும். குளோரின் பைபாஸ் போட்டால் அடைப்பு நிற்கும், ஆனால் சுடுவாயுவையும் வெந்த தூசியையும் வெளியே எடுப்பதால் வெப்பச் செலவு ஏறும்.

ஈரம் இன்னொன்று. 30% ஈரமுள்ள குப்பையில் பத்தில் மூன்று வண்டி தண்ணீர்!

அப்படியானால் உண்மையில் எதில் குறைக்கலாம்?

கிளிங்கரைக் குறைப்பதில். இன்று கையில் உள்ள வழிகளில் செலவு குறைந்தது இதுதான். பி.பி.சி.யில் அனல்மின் நிலையச் சாம்பல் 35% வரை அனுமதி. கசடு சிமென்ட்டில் ஊதுலைக் கசடு 70% வரை போகலாம். இந்தியாவில் விற்கும் சிமென்ட்டில் பெரும்பகுதி கலப்பு சிமென்ட்தான் என்பதால், டன் சிமென்ட்டுக்கான இந்திய எண் பல பணக்கார நாடுகளுடையதை விடக் குறைவு.

புதிதாக வந்திருப்பது எல்.சி.3 என்ற கலப்பு சிமென்ட். கிளிங்கர் 50, சுட்ட களிமண் 30, சுடாத சுண்ணாம்புக்கல் 15, ஜிப்சம் 5. சுவிட்சர்லாந்தின் லோசான் நகர ஆய்வகமும், கியூபா, இந்திய ஆய்வாளர்களும் (ஐ.ஐ.டி. டெல்லி, ஐ.ஐ.டி. மெட்ராஸ்) சேர்ந்து வளர்த்தது. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 18189, 2023ல் வந்தது. களிமண் சுட 700 முதல் 850 டிகிரி போதும், கிளிங்கருக்கு 1,450 வேண்டும். களிமண்ணிலிருந்து போவது நீராவி. கரியமில வாயு இல்லை.

நம் எண்களை வைத்துப் பார்ப்போம். கிளிங்கர் 411 கிலோ, களிமண் சுட எரிபொருள் சுமார் 65 கிலோ, மொத்தம் 476. கலப்பில்லாத சாதாரண சிமென்ட்டான ஓ.பி.சி.யின் 780ஐ விட ஏறக்குறைய 40% குறைவு. ஆனால் பி.பி.சி.யின் 534ஐ விடச் சுமார் பதினொரு சதவீதம்தான் குறைவு. ஏற்கெனவே சாம்பல் கலக்கும் ஆலைக்கு இது பெரிய தாவல் இல்லை என்பதை யாரும் உரக்கச் சொல்வதில்லை. இதன் பலம் வேறு இடத்தில்: அனல்மின் நிலையங்கள் மூடினால் சாம்பல் கிடைக்காது, களிமண் கிடைக்கும்.

பிசகும் இடங்கள்: கயோலின் (சுட்டால் பலம் தரும் களிமண் கனிமம்) 40 சதவீதத்துக்குக் குறைந்த மண்ணில் பலம் ஏறாது. குறைவாகச் சுட்டால் உயிர்ப்பதில்லை, 900ஐத் தாண்டிச் சுட்டால் செத்த மண். இரும்புள்ள மண் செங்கல் நிறமாகும். வாங்குபவர் ‘கலப்படம்’ என்று திருப்பி அனுப்புவார், எனவே ஆக்சிஜன் குறைந்த சூழலில் குளிரவைத்துச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவருகிறார்கள். கலவை தண்ணீரை அதிகம் கேட்கும். மேஸ்திரி தண்ணீரை ஊற்றாமல், கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் மருந்தைச் சேர்க்க வேண்டும்.

கலப்பு சிமென்ட் போட்டால் வீடு பலமாக இருக்குமா?

இருக்கும். ஆரம்ப வாரங்களில் பலம் மெதுவாக ஏறும், அவ்வளவுதான். ஐ.எஸ். 456ன்படி ஓ.பி.சி.க்குக் குறைந்தது 7 நாள் தண்ணீர், கலப்புக்குக் குறைந்தது 10 நாள். பழைய பழக்கத்தில் ஏழாம் நாளே நிறுத்தினால் குற்றம் சிமென்ட்டின் மேல் விழும்.

புகைபோக்கியிலேயே வாயுவைப் பிடித்துவிட முடியாதா?

முடியும், நார்வேயில் செய்கிறார்கள். பிரெவிக் நகரின் சிமென்ட் ஆலையில் 2025ல் தொடங்கிய அமைப்பு ஆண்டுக்கு 4 லட்சம் டன், அதாவது ஆலையின் வாயுவில் சுமார் பாதியைப் பிடிக்கிறது. புகையை, கரியமில வாயுவைப் பிடித்துக்கொள்ளும் அமீன் என்ற ரசாயனக் கரைசலில் கழுவி, கரைசலை 120 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, வாயுவைப் பிரித்து, திரவமாக்கிக் கப்பலில் ஏற்றி, வட கடலின் அடித்தளத்துக்குக் கீழே 2,600 மீட்டரில் செலுத்துகிறார்கள்.

ஏன் பாதி மட்டும்? வெப்பம்தான் காரணம். சாதாரண அமீனுக்கு டன் வாயுவுக்கு சுமார் 3.5 கிகாஜூல் வேண்டும். நம் 822 கிலோவில் 90% பிடிக்க 2.6 கிகாஜூல். கிளிங்கர் சுடவே 3.1தான் தேவைப்பட்டது! இன்னொரு சூளை பக்கத்தில் எரிவது மாதிரி. அதனால்தான் பிரெவிக்கில் கழிவு வெப்பம் எவ்வளவுக்குப் போதுமோ அந்த அளவில் நிறுத்திக்கொண்டார்கள்.

பெல்ஜியத்தின் லிக்ஸே ஆலையில் 2019 முதல் வேறொரு வழியைச் சோதித்தார்கள். மாவை ஒரு உலோகக் குழாய்க்குள் விழவிட்டு, குழாயை வெளியிலிருந்து சூடாக்குவது. கல்லின் வாயு எரிபொருள் புகையோடு கலக்காமல் சுத்தமாக வெளிவரும், கழுவவே வேண்டாம். உலோகம் அந்தச் சூட்டை எத்தனை ஆண்டு தாங்கும் என்பதில்தான் இதன் எதிர்காலம்.

தூத்துக்குடியில் 2016ல், ஆல்கலி ரசாயன ஆலையின் நிலக்கரிக் கொதிகலனிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் பிடிக்கும் அளவில் அமைப்பு வந்தது. வாயுவைச் சோடா உப்புத் தயாரிப்புக்கு எடுத்தார்கள். வெளியிலிருந்து வாங்கும் வாயு மிச்சமாகிறது, நல்லது. ஆனால் சோடா உப்பு கண்ணாடி உலைக்குப் போனால் அதே வாயு மறுபடி வெளியேறும். பயன்படுத்துவது வேறு, புதைப்பது வேறு.

கட்டடங்கள் வாயுவைத் திரும்ப உறிஞ்சும் என்கிறார்களே?

உண்மை. சுண்ணாம்புச் சாந்து இறுகுவதே அப்படித்தான். காளவாயில் கல் விட்டதைச் சுவர் திரும்ப வாங்கிக்கொள்கிறது. காங்கிரீட்டிலும் நடக்கும், மிக மெதுவாக. உலகக் கார்பன் கணக்கில் இதற்காக ஆண்டுக்கு 70 முதல் 80 கோடி டன் வரை கழிக்கிறார்கள்.

பார்க்க ஆசைப்பட்டால் பழைய தூணில் புதிதாக உடைத்த முகத்தில் பினால்ஃப்தலீன் (காரம் இருந்தால் நிறம் மாறும் கரைசல்) தெளியுங்கள். உள்பக்கம் ரோஸ் நிறமாகும், வாயுவைக் குடித்த வெளிப்பட்டை நிறமில்லாமல் நிற்கும். அந்தப் பட்டை கம்பியைத் தொட்டுவிட்டால் கம்பி துருப்பிடிக்கத் தொடங்கும். ஆகவே கட்டடம் நிற்கும் வரை இதை ஊக்குவிக்கக் கூடாது. இடித்து நொறுக்கிய பிறகு, ஜல்லியாகக் காற்றில் பரப்பிவைத்தால் வேகமாக உறிஞ்சும்.

எஃகின் கதை இதேதானா?

பாதி. அங்கே கார்பன் சூட்டுக்கு மட்டும் இல்லை, தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கவும் வேண்டும். ஆனால் அந்த வேலையை ஹைட்ரஜனும் செய்யும், சிமென்ட்டில் அப்படி மாற்று இல்லை. ஊதுலை வழியில் டன் எஃகுக்கு சுமார் 2.3 டன் வாயு; பழைய இரும்பை மின்உலையில் உருக்கினால் 0.7 டன்னையொட்டி. ஸ்வீடனின் லூலியோவில் 2020ல் தொடங்கிய ‘ஹைபிரிட்’ (HYBRIT) என்ற முன்னோட்ட ஆலை ஹைட்ரஜனால் தாதுவின் ஆக்சிஜனைப் பிடுங்கி, 2021ல் முதல் எஃகை வால்வோவுக்குக் கொடுத்தது. ஒரு டன் இரும்புக்கு ரசாயனக் கணக்குப்படி 54 கிலோ ஹைட்ரஜன். கிலோவுக்கு 50 யூனிட் என்றால் 2,700 யூனிட். அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால் ஊதுலைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் மிஞ்சாது.

இந்தியாவின் சிக்கல் நிலக்கரியால் ஓடும் ஸ்பான்ஜ் அயர்ன் (தாதுவை உருக்காமலே இரும்பாக்குவது) சூளைகள். நாட்டின் சராசரி டன் எஃகுக்கு சுமார் 2.5 டன் வாயு. 2024 டிசம்பரில் வந்த மத்திய அரசின் பசுமை எஃகு வரையறை 2.2 டன்னுக்குக் கீழே இருந்தால்தான் நட்சத்திரத் தரக்குறி தருகிறது.

உரம், அலுமினியம்?

அலுமினியம்: டன்னுக்கு சுமார் 14,000 யூனிட் மின்சாரம், கூடவே எரிந்து தீரும் கார்பன் ஆனோடிலிருந்து (உலையின் மின்வாய்) 1.6 டன் வாயு. நீர்மின்சாரத்தில் ஓடும் ஐஸ்லாந்து ஆலைக்கும் நிலக்கரியில் ஓடும் ஆலைக்கும் பல மடங்கு வித்தியாசம். யூரியா: அமோனியா ஆலையில் பிடித்த வாயு யூரியாவுக்குள் போகிறது. வயலில் போட்டதும் டன்னுக்கு 730 கிலோ திரும்ப வெளியேறும். ஆலைக் கணக்கில் கழித்ததை வயல் கணக்கில் எழுத வேண்டும்.

ஐரோப்பாவுக்கு போல்ட் அனுப்புகிறோம். எல்லைக் கார்பன் கட்டணத்துக்கு எதைத் தயார் செய்வது?

இது இறக்குமதிப் பொருளை உண்டாக்கும்போது வெளியான கார்பனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதிக்கும் கட்டணம். 2026 ஜனவரி முதல் கட்டணக் கட்டம் தொடங்கிவிட்டது. சிமென்ட், இரும்பு எஃகு, அலுமினியம், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் இதில் அடங்கும். சுங்கக் குறியீடு 7318ல் வரும் திருகு, போல்ட், நட் பட்டியலில் உண்டு. பணம் கட்டுவது ஐரோப்பிய இறக்குமதியாளர், ஆனால் எண்களை அவர் உங்களிடம்தான் கேட்பார். அவர் ஆண்டுக்கு இறக்குமதி செய்யும் மின்சாரமும் ஹைட்ரஜனும் அல்லாத பட்டியல் சரக்கு எல்லாம் சேர்ந்து 50 டன்னைத் தாண்டவில்லை என்றால் அவருக்கு விலக்கு உண்டு. முதலில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

போல்ட்டின் கார்பனில் பெரும்பங்கு நீங்கள் வாங்கும் கம்பிச் சுருளில் இருக்கிறது. சுருளின் எண் டன்னுக்கு 2.4 என்று வைத்துக்கொள்வோம். ஒரு டன் போல்ட்டுக்கு 1.08 டன் சுருள் செலவானால், 2.59 டன். எனவே வெட்டுக்கழிவைக் குறைப்பது இங்கேயும் காசு. சுருள் வாங்கும் ஆர்டரிலேயே, எந்த ஆலை, எந்த வழி (ஊதுலையா, மின்உலையா), சரிபார்க்கப்பட்ட எண் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். பல வணிகர்களிடம் கலந்து வாங்கினால் ஹீட் நம்பரை (ஆலை ஒவ்வொரு உருக்குத் தொகுதிக்கும் இடும் எண்) வைத்துப் பிரித்து வையுங்கள். எண் கிடைக்காவிட்டால் ஐரோப்பிய ஆணையம் நிர்ணயித்த இயல்பு மதிப்பு பொருந்தும், அதன்மேல் கூடுதலும் ஏற்றப்படும். மின்உலைச் சுருள் வாங்கியவர் ஊதுலைக்காரருக்கான கட்டணத்தைச் சுமப்பது இப்படித்தான்.